ஒரே உறை, மூன்று படிவங்கள்: சி ஷார்ப், ஜாவா, கோ மொழிகளில் ஜெனரிக் பிணைப்பு

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலைக்கு இணையப் படிவங்கள் எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. கொழுந்துப் பதிவு, உரக் கோரிக்கை, முன்பணக் கோரிக்கை என்று படிவங்கள் மூன்று. மூன்றிலும் தேதி, சேகரிப்பு மையம், பதிவு செய்தவர் ஆகியவை பொதுவானவை. உள்ளே இருக்கும் விவரம் மட்டுமே வேறுபடும். இப்படி ஓர் அமைப்பைக் கண்டதும் நிரலாளர் எவருக்கும் தோன்றுவது, சமர்ப்பிப்பு<உள்ளடக்கம்> என்று ஒரே ஜெனரிக் உறையை (உள்ளே இருக்கும் தரவின் வகையைப் பிறகு பொருத்திக்கொள்ளும் பொது வகுப்பை) எழுதி, உள்ளடக்கத்தின் இடத்தில் அந்தந்தப் படிவத்தின் வகையைப் பொருத்திவிடலாம் என்பதுதான். உறையை எழுதுவது எளிது. உலாவி அனுப்பும் தரவை அதற்குள் பிழையின்றிப் பிணைப்பதில்தான் மொழிக்கு மொழி வேறுபாடு தெரிகிறது.

உலாவிக்கு வகை என்ற ஒன்றே தெரியாது. 12.5 கிலோவும், தேதியும், விவசாயி எண்ணும் சரங்களாகவே (வெறும் எழுத்துத் தொடர்களாகவே) வந்து சேர்கின்றன; டிக் செய்யாத செக்பாக்ஸ் வரவே வராது. ஆகவே பிணைப்பான் (வந்த தரவைப் பொருளின் பண்புகளில் நிரப்பும் பகுதி) தனக்கு வந்த பெயர்களையும் சரங்களையும் கொண்டு, எந்தப் பண்புக்கு எந்த வகை என்பதை இயங்கும் நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் சி ஷார்ப்பின் கை ஓங்கியிருக்கிறது. அதன் ஜெனரிக் வகைகள் இயங்கும் நேரத்திலும் அழியாமல் இருப்பதால், சமர்ப்பிப்பு<கொழுந்து> என்ற அளவுருவைக் கண்ட அதன் இணையக் கட்டமைப்பான ஏஎஸ்பி டாட் நெட் கோர், உள்ளே இருக்கும் பண்பு கொழுந்து வகையைச் சேர்ந்தது என்பதை நேரடியாகவே அறிந்துகொள்கிறது. ஆக்‌ஷன் முறையையே (உலாவியின் கோரிக்கையை ஏற்கும் செயல்கூறையே) ஜெனரிக்காக எழுத முடியாது என்றாலும், ஜெனரிக் அடிப்படைக் கன்ட்ரோலர் (அந்த முறைகளை வைத்திருக்கும் வகுப்பு) ஒன்றை எழுதி, படிவத்துக்கு ஒன்றாக அதிலிருந்து பெறப்பட்ட வகுப்புகளை வைத்துக்கொள்வதற்குத் தடையில்லை.

ஜாவாவில் நிலைமை வேறு. 2004இல் ஜெனரிக் வந்தபோதே, பழைய நிரல்களோடு ஒத்துப்போவதற்காக, தொகுக்கும்போது வகைத் தகவலை அழித்துவிடும் வழியை அந்த மொழி தேர்ந்துகொண்டது. ஜாவாவின் இணையக் கட்டமைப்பான ஸ்பிரிங்கின் வழக்கமான செட்டர் (பண்புக்கு மதிப்பிடும் முறை) வழிப் பிணைப்பில் உறைக்குள் இருக்கும் பண்பு வெறும் ஆப்ஜெக்ட் (எல்லா வகைகளுக்கும் பொதுவான அடிப்படை வகை) ஆகத்தான் தெரியும். எடை என்ற பண்பு அதில் இல்லை. அறியாத புலங்களைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஸ்பிரிங்கின் இயல்பு அமைப்பு. ஆகவே பிழைச் செய்தி எதுவும் வராமலே எடை காணாமல் போகிறது. இதற்கு மாற்று, சமர்ப்பிப்பு<கொழுந்து> என்பதிலிருந்து கொழுந்துச்சமர்ப்பிப்பு என்று பெயருள்ள ஒரு துணை வகுப்பைப் பெற்று, அதையே அளவுருவாகக் கொடுப்பது. துணை வகுப்பின் கையொப்பத்தில் வகைத் தகவல் தங்கியிருப்பதால் ஸ்பிரிங் அதைப் படித்துக்கொள்ளும். ஒரே வரிதான், ஆனால் படிவத்துக்கு ஒன்று என்று மறக்காமல் எழுத வேண்டும்.

கோ மொழிக்கு 2022 மார்ச்சில் வெளிவந்த 1.18 பதிப்பில்தான் ஜெனரிக் கிடைத்தது. அதன் நிலையான நூலகம் படிவத்தைச் சரங்களின் மேப்பாகப் (பெயருக்கு மதிப்பு என்ற பட்டியலாகப்) பிரித்துக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறது; வகைப்படி நிரப்புவது நம் பொறுப்பு அல்லது கொரில்லா ஸ்கீமா போன்ற வெளித் தொகுப்பின் பொறுப்பு. அந்தத் தொகுப்பு அறியாத புலம் வந்தால் பிழை என்று சொல்லிவிடுவது, ஸ்பிரிங்கோடு ஒப்பிடுகையில் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் எடைப் பெட்டியைக் காலியாக விட்டால் அது 0 கிலோவாகவே நின்றுவிடும். எழுதாத எடைக்கும் சுழி எடைக்கும் வேறுபாடு தெரிய வேண்டுமானால் அந்தப் புலத்தைப் பாயின்டராக்க (மதிப்பே இல்லாமலும் இருக்கக்கூடிய சுட்டியாக்க) வேண்டும். (இன்னொன்று: சி ஷார்ப்பிலும் ஜாவாவிலும் மாறிக்குக் கொழுந்து என்றே தமிழில் பெயர் வைக்கலாம். கோ மொழி பெயர்களில் எழுத்தையும் எண்ணையும் மட்டுமே ஏற்பதால், நம் புள்ளியும் உயிர்க்குறிகளும் அங்கே செல்லுபடியாவதில்லை. தமிழ்ப் பெயரைப் புலத்தோடு ஒட்டும் குறிப்பான டேகில்தான் வைக்க வேண்டியிருக்கிறது.)

செக்பாக்ஸ் சிக்கலுக்கு ஏஎஸ்பி டாட் நெட் கோர் அதே பெயரில் மறைந்த புலம் ஒன்றை வைத்துப் பொய் என்ற மதிப்பை அனுப்புகிறது. ஸ்பிரிங் பெயருக்கு முன்னால் அடிக்கோடு இட்ட இன்னொரு புலத்தை அடையாளமாக வைத்துக்கொள்கிறது. இரண்டும் வேலை செய்கின்றன.

உண்மையில் என்னைத் தடுமாற வைத்தவை வரிசைகள். கட்டபெட்டு மையத்தில் மழை நாளொன்றில் ஒரே படிவத்தில் பல விவசாயிகளின் எடை, ஆளுக்கு ஒரு வரிசையாக ஏறும். ஒருவர் பெயரைத் தவறாகச் சேர்த்துவிட்டால் அந்த வரிசையை நடுவில் நீக்குவார்கள். அப்போது உலாவி 0, 1, 3, 4 என்ற எண்களோடு வரிசைகளை அனுப்புகிறது. ஏஎஸ்பி டாட் நெட் கோர் 2 இல்லாததைக் கண்டதும் அங்கேயே நிறுத்திவிடுகிறது. 3, 4 ஆகிய இரண்டு விவசாயிகளின் கொழுந்தும் பதிவாவதில்லை, பிழையும் வருவதில்லை. ஸ்பிரிங்கோ இடைவெளியில் வெறுமையான ஒரு வரிசையைத் தானே உருவாக்கி நிரப்பி, மீதியைச் சரியாகச் சேர்த்துவிடுகிறது. வகைகளை அத்தனை அழகாக அறிந்த சி ஷார்ப் இங்கே கிலோவைத் தொலைக்க, வகையை மறந்துபோன ஜாவா கிலோவைக் காப்பாற்றுகிறது. வெறுமையான வரிசை சரிபார்ப்பில் உடனே சிக்கிக்கொள்ளும். வராமலே போன வரிசையை, வந்த வரிசைகளை மட்டும் பார்க்கும் எந்தச் சரிபார்ப்பாலும் பிடிக்க முடியாது. இதை நான் எழுதும்போது கவனிக்கவில்லை. மாதக் கணக்குப் பார்க்க வந்த ஒரு விவசாயி தன் துண்டுச் சீட்டோடு நின்றபோதுதான் கவனித்தேன்.

பாதுகாப்பையும் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் பெயரைப் பார்த்துப் பண்பை நிரப்பும் எந்தப் பிணைப்பானும் படிவத்தில் இல்லாத பெயரையும் நிரப்பக்கூடும். 2022 மார்ச்சில் வெளிவந்த ஸ்பிரிங்4ஷெல் ஓட்டை, படிவப் பெயர்களின் வழியே வகுப்பு ஏற்றி (நிரலின் வகுப்புகளை நினைவகத்தில் ஏற்றும் பகுதி) வரை எட்டிப்பிடிக்க முடிந்ததால் உண்டானது, ஸ்பிரிங் 5.3.18, 5.2.20 பதிப்புகளில் அடைக்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்டதா என்ற பண்பை உறையிலேயே வைத்திருந்தால், முன்பணம் கேட்பவரே அதையும் சேர்த்து அனுப்பிவிடலாம். ஆகவே மூன்று மொழிகளிலும் உறைக்குள் போவது தரவுத்தள வகையாக இல்லாமல், படிவத்துக்கென்றே எழுதிய சிறு வகையாக இருப்பது நல்லது.

என் தேர்வு சி ஷார்ப். உறையின் எளிமைக்காக மட்டும் சொல்லவில்லை. அதன் வரிசைக் குறைக்கு மருந்தும் அதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வரிசையோடும் இன்டெக்ஸ் என்ற மறைந்த புலம் ஒன்றை அனுப்பினால், எண்கள் தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும் பிணைப்பான் எல்லா வரிசைகளையும் எடுத்துக்கொள்ளும். ஜாவா தெரிந்த ஒருவர் ஏற்கெனவே உடன் இருந்தால் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்ல மாட்டேன். துணை வகுப்பு எழுதுவதை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ளச் சொல்வேன். கோ மொழியை, படிவங்கள் இரண்டு மூன்றுக்கு மேல் போகாத இடங்களில், ஒவ்வொரு புலத்தையும் கையால் எழுதச் சலிக்காதவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றை இப்போது தவறாமல் செய்கிறேன். படிவத்தின் அடியில் வரிசைகளின் எண்ணிக்கையையும் மொத்தக் கிலோவையும் தனிப் புலங்களாக உலாவியிலேயே கணக்கிட்டு அனுப்பி, பிணைத்த பொருளின் கூட்டுத்தொகை அவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் பதிவையே மறுத்துவிடுகிறேன். அரவேணு மையத்திலிருந்து வந்த ஒரு படிவம் அப்படித் திரும்பிப் போயிற்று. எட்டு வரிசைகள் என்று சொன்னது, ஐந்துதான் வந்திருந்தது.