ஃபோகஸ் ஸ்டாக்கிங் கருவிகள்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்பது, ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த பல ஃபிரேம்களைச் சேர்த்து, முழுக்கத் தெளிவான ஒரே படமாக்குவது. எத்தனை மடங்கு உருப்பெருக்கத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ரெயில் (கேமராவை நுணுக்கமாக முன்னும் பின்னும் நகர்த்தும் தாங்கி), லைட், லென்ஸ் எல்லாமே அதைப் பொறுத்தவை.

1:1 வரை (பொருள் அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும் அளவு) போதுமென்றால் ரெயிலே தேவையில்லை. ஃபோகஸைத் தானே படிப்படியாக மாற்றி எடுக்கும் ஃபோகஸ் பிராக்கெட்டிங் உள்ள கேமராவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் போதும். அப்பர்ச்சரை எஃப்/5.6-க்கு மேல் மூட வேண்டாம்; 1:1-இல் அது ஏறக்குறைய எஃப்/11 ஆகிவிடுகிறது. எஃப்/16 வைத்தால் ஃபிரேம்கள் குறையும்தான். ஆனால் டிஃப்ராக்ஷனில் (சிறிய துளை வழியே வரும் ஒளி விரிந்து படம் மங்குவதில்) போன நுணுக்கத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

2 மடங்கைத் தாண்டினால் ரெயில் கட்டாயம். லாவா 25 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில், அதாவது 2.5 முதல் 5 மடங்கு வரை தருவதில், வளையத்தைத் திருப்பினால் உருப்பெருக்கம்தான் மாறும். ஃபோகஸுக்குக் கேமராவையே நகர்த்த வேண்டும். இங்கேதான் பலரும் லென்ஸில் பணத்தைக் கொட்டிவிட்டு ரெயிலில் சிக்கனம் பார்க்கிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு.

கணக்கைப் பாருங்கள். 10 மடங்கு, 0.25 என்ஏ (லென்ஸ் ஒளியைச் சேகரிக்கும் கோணத்தின் அளவு) கொண்ட மைக்ராஸ்கோப் ஆப்ஜெக்டிவில் ஃபோகஸ் ஆழம் சுமார் 9 மைக்ரான். அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய ஸ்டெப் 6 அல்லது 7 மைக்ரான் வேண்டும், 1 மி.மீ. ஆழத்துக்கே 150 ஃபிரேம் ஆகும். ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும் கை ரெயிலில் அது 2.4 டிகிரி திருப்பல். கையால் 150 முறை ஒரே சீராக வராது. விட்டுப்போன இடங்கள் படத்தில் மங்கலான பட்டைகளாகத் தெரியும். மோட்டார் ரெயில்தான் வழி. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் வைக்கும் மோட்டாரிலும் அதே திருகுப் புரியில் ஒரு முழு ஸ்டெப் 5 மைக்ரான் என்பதால், மைக்ரோஸ்டெப்பிங் (ஒரு ஸ்டெப்பை மேலும் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் வசதி) உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

நாள்பட்ட ரெயிலில் புரியிலும் கிளாம்ப்பிலும் ஆட்டம் வரும். அசையாத பொருளை 100 ஃபிரேம் எடுத்து முதலையும் கடைசியையும் ஒப்பிடுங்கள்; படம் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் முதலில் கிளாம்ப் திருகுகளை இறுக்கிப் பாருங்கள். ஸ்டாக்கை எப்போதும் ஒரே திசையில் ஓட்டுங்கள். தொடக்கப் புள்ளிக்குச் சற்றுப் பின்னாலிருந்து கிளம்பினால் புரியின் தளர்வு முதல் சில ஃபிரேம்களைக் கெடுக்காது.

இன்ஃபினிட்டி வகை ஆப்ஜெக்டிவ் தனியாகப் படத்தைக் குவிக்காது; அதற்குப் பின்னால், படத்தைச் சென்சாரில் குவிக்கும் ட்யூப் லென்ஸ் வேண்டும். 200 மி.மீ.க்கு வடிவமைத்தவற்றுக்கு, சுமார் 208 மி.மீ. குவியத்தூரமுள்ள ரெய்னாக்ஸ் டிசிஆர்-150 நன்றாகப் பொருந்துகிறது.

ஃபிளாஷ் என்றால் ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் 2 அல்லது 3 விநாடி காத்திருப்பு வையுங்கள். அதிர்வு அடங்கவும் ஃபிளாஷ் முழுதாக சார்ஜ் ஆகவும் அது வேண்டும். பாதி சார்ஜில் அடித்த ஃபிரேம் மற்றவற்றைவிட இருண்டுபோகும். சென்சாரையும் முன்னரே துடைத்துவிடுங்கள். ஒரே ஒரு தூசி, ஃபிரேம்களை அலைன் செய்யும்போது இடம் மாறி மாறி விழுந்து, படத்தின் குறுக்கே நீளக் கோடாகிவிடும்.

ரோமம், உணர்கொம்பு போல ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும் பகுதிகளுக்கு ஃபிரேம்களைச் சேர்க்கும் ஜெரீன் ஸ்டாக்கர் மென்பொருளின் பிமேக்ஸ் முறை நல்லது. ஆனால் அது நாய்ஸையும் கூட்டும். வழவழப்பான பரப்புகளை அதன் இன்னொரு முறையான டிமேப்பில் சேர்த்து, ரீடச்சில் இரண்டையும் சேர்த்துவிடலாம்.