நான்கு ஆண்டுகள், மூன்று லீகுகள்: பெரியவர்களுக்கான ஃபிளாக் ஃபுட்பாலில் என் அனுபவம்

மகனுக்கு எட்டு வயதானபோது அவனைச் சிறுவர்களுக்கான ஃபிளாக் ஃபுட்பாலில் சேர்த்தோம். சனிக்கிழமைதோறும் எல்லைக்கோட்டருகே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எதிரணிச் சிறுவர்களின் இடுப்புக் கொடியைப் பிடுங்க அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பள்ளி நாள்களில் பாளையங்கோட்டையில் ஆடிய கோ-கோ திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. 2022 ஜூலையில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் நடந்த உலக விளையாட்டுப் போட்டிகளில், மெக்சிகோவின் பெண்கள் அணி இறுதியாட்டத்தில் அமெரிக்காவை 39-6 என்ற கணக்கில் வென்றது. அந்த அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், டயானா ஃபுளோரெஸ் ஆடும் காணொளிகளைப் பார்த்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருக்க மனம் ஒப்பவில்லை. அப்போது எனக்கு வயது 36. டாலஸ் நகரின் வடக்குப் புறநகரில் வசிக்கிறோம். சுற்றுவட்டாரத்தில் லீகுகளுக்குப் பஞ்சமில்லை. அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் சேர்ந்து, 2025 இலையுதிர்காலம் வரை மூன்று லீகுகளில் ஏழு சீசன்கள் ஆடியிருக்கிறேன். முதல் லீகைத் தேர்ந்தபோது கட்டணம் எவ்வளவு, மைதானம் எத்தனை மைல் என்ற இரண்டை மட்டுமே விசாரித்தேன். விசாரித்திருக்க வேண்டியவை வேறு என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில் பந்து வைத்திருப்பவரை மோதி வீழ்த்துவார்கள். இதில் அவருடைய இடுப்பு வாரில் தொங்கும் கொடியை உருவினால் போதும், அந்த இடத்திலேயே ஆட்டம் நிற்கும். ஐவர் ஆடும் வடிவத்தில் ஓர் அணி தன் பக்கத்து 5 யார்டு கோட்டிலிருந்து தொடங்கி, நான்கு முயற்சிகளுக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும்; கடந்துவிட்டால் டச்டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதற்கு, மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். டச்டவுனுக்கு 6 புள்ளிகள். பந்து தரையில் விழுந்த கணமே ஆட்டம் நின்றுவிடுவதால், விழுந்த பந்தின்மேல் ஆள்மேல் ஆள் பாயும் ஆபத்து இல்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறுவதும் இந்த ஐவர் வடிவம்தான்; அதற்கான ஒப்புதலைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய அமர்வில் வழங்கியது. எண்மர், எழுவர் ஆடும் வடிவங்களும் உண்டு. அவை ஒரே ஆட்டத்தின் சிறிய மாற்றங்கள் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில், மைதானத்தில் உடல் படும் பாடு வடிவத்துக்கு வடிவம் முற்றிலும் வேறுபடுகிறது.

என் முதல் லீக் ஒரு தனியார் நிறுவனம் நடத்தியது. எண்மர் வடிவம், ஆண்களும் பெண்களும் கலந்த பிரிவு. எனக்கென்று அணி எதுவும் இல்லாததால் 'ஃப்ரீ ஏஜென்ட்' என்ற முறையில் தனியாளாகப் பதிந்தேன். இப்படிப் பதிகிறவர்களை லீக்கே சேர்த்து ஓர் அணியாக்கும் அல்லது ஆள் குறைந்த அணியில் நிரப்பும். எங்கள் அணியில் பதினொரு பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள்; பந்தை இருபது யார்டு நேராக எறியக்கூடிய ஒருவர்கூட இல்லை. குவார்ட்டர்பேக் இல்லாத ஃபிளாக் ஃபுட்பால் அணி, பந்துவீச்சாளர் இல்லாத கிரிக்கெட் அணியைப் போன்றது. எதிரணிகளிலோ கல்லூரிக் காலத்திலிருந்து ஒன்றாக ஆடி வருகிறவர்கள் இருந்தார்கள். தொடக்கநிலை, இடைநிலை, போட்டிநிலை என்று மூன்று பிரிவுகள் அறிவிக்கப்பட்டிருந்தன. போதிய அணிகள் சேரவில்லை என்ற காரணத்தால் முதல் ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு மூன்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள். ஏழு ஆட்டங்களில் ஆறில் தோற்றோம். தோல்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. கற்றுக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் அந்தச் சீசன் கழிந்ததுதான் வருத்தம்.

அதைவிட முக்கியமானது தடுப்பு விதி, அதாவது தன் அணியினருக்கு வழி ஏற்படுத்த எதிராளியை மறிப்பது பற்றிய விதி. ஐவர் வடிவத்தில் யாரும் யாரையும் தடுக்கக் கூடாது; குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிறவரும் 7 யார்டு தள்ளி நின்றே புறப்பட வேண்டும். எண்மர் வடிவத்தில் பல லீகுகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உடலை மட்டும் குறுக்கே நிறுத்தும் தடுப்பை அனுமதிக்கின்றன. எழுத்தில் இது சாதுவாகத் தோன்றும். தொண்ணூறு கிலோ எடையுள்ள ஒருவர் குறுக்கே வந்து நிற்க, மறுபக்கத்திலிருந்து இன்னொருவர் முழு வேகத்தில் ஓடிவரும்போது, மோதல் இல்லாத ஆட்டம் என்ற சொல்லுக்குப் பொருள் இல்லாமல் போகிறது. லீகின் விதிநூல் பதிவுப் பக்கத்திலேயே இருந்தது. நான் வாசிக்கவில்லை. யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், பணம் கட்டுவதற்கு முன் அந்த விதிநூலில் தடுப்பு பற்றிய பகுதியை மட்டுமாவது வாசித்துவிடுங்கள் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அந்தச் சீசனின் ஐந்தாம் ஆட்டத்தில் வேகமாக வந்த பந்து என் வலது மோதிர விரலின் நுனியில் நேராகப் பட்டது. வலி பெரிதாக இல்லை. ஆனால் விரலின் கடைசி மூட்டு தொங்கிவிட்டது, நிமிர்த்த முடியவில்லை. நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருந்தது. அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. ஆறு வாரங்கள் இரவும் பகலும் விரலை நேராக வைக்கும் பட்டையை அணிய வேண்டும், இடையில் ஒருமுறை மடங்கிவிட்டாலும் மீண்டும் முதல் நாளிலிருந்து கணக்குத் தொடங்கும் என்று கை மருத்துவர் சொன்னார். பட்டையோடு காய் நறுக்கினேன், தட்டச்சு செய்தேன், மகளுக்குத் தலை பின்னிவிட்டேன். இந்த ஆட்டத்தில் விரல் காயம் சர்வ சாதாரணம். பந்தைப் பிடிக்கும்போதும் ஆகும், கொடியை உருவப்போய் விரல் எதிராளியின் சட்டையில் மாட்டினாலும் ஆகும். கால்சட்டையில் பைகள் இருக்கக் கூடாது என்ற விதியும் இதற்காகத்தான். பதிவின்போது நாம் ஒப்பமிடும் உறுதிமொழிப் படிவத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். காயத்துக்கு லீக் பொறுப்பாகாது என்பதே அதன் சாரம். என் மருத்துவச் செலவு முழுவதும் அலுவலகக் காப்பீட்டின் வழியாகவும் என் பணப்பையிலிருந்துமே போயிற்று. பெரிய தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டிய காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள் இதை முன்பே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது லீகில் 2023 வசந்தத்திலிருந்து மூன்று சீசன்கள் ஆடினேன். அதுவும் தனியார்தான், எழுவர் வடிவம், தடுப்பு இல்லை, அணிக்குக் குறைந்தது மூன்று பெண்கள். இம்முறை சக ஊழியர்கள் சேர்ந்து அணியாகவே பதிந்தோம். மைதானம் செயற்கைப் புல், விளக்குகள் நன்று, அட்டவணை நேரம் தவறாது. நிர்வாகத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இருந்தும் அங்கிருந்து விலகினேன். காரணம், கலப்பு ஆட்டத்தின் விதி எழுதப்பட்டிருந்த விதம்.

கலப்பு லீகுகளில் பெண்களுக்கும் பந்து கிடைப்பதை உறுதிசெய்யப் பல வழிகள் உள்ளன. பல்கலைக்கழக வளாகங்களில் ஆடப்படும் கலப்பு ஆட்டத்தின் வழக்கத்தை ஒட்டி, பெண் அடிக்கும் டச்டவுனுக்கு 9 புள்ளிகள் தரும் லீகுகள் உண்டு. சில லீகுகளில் ஓர் ஆண் எறிந்து இன்னோர் ஆண் பிடித்துவிட்டால் அடுத்த முயற்சி 'மூடிய' முயற்சி ஆகும்; அதில் எறிபவரோ பிடிப்பவரோ பெண்ணாக இருந்தாக வேண்டும். எங்கள் லீகில் மூன்று முயற்சிகளுக்கு ஒருமுறை பெண்ணுக்குப் பந்து போக வேண்டும் என்பது விதி. நோக்கம் நல்லதுதான்; நடைமுறையில் அந்த ஒரு முயற்சியைத் தவிர மற்ற இரண்டில் பெண்களான எங்களை யாரும் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. அந்த ஒரு முயற்சி எப்போது வரும் என்பது எதிரணிக்கும் தெரியும் என்பதால், அப்போது எங்களைச் சுற்றி நான்கு பேர் நிற்பார்கள். மூன்றாம் சீசன் முடிவில் நான் என் ஆட்டங்களை எண்ணிப் பார்த்தேன்: எட்டு ஆட்டங்களில், கட்டாயம் இல்லாத முயற்சிகளில் என்னை நோக்கி எறியப்பட்ட பந்துகள் ஐந்து. எங்கள் குவார்ட்டர்பேக் நல்ல மனிதர், நல்ல நண்பர். இதைச் சொன்னபோது உண்மையாகவே அதிர்ந்துபோனார். பழக்கம் ஊறிப்போன இடத்தில் விதி ஓரளவுக்குத்தான் உதவும் என்பது என் கருத்து. ஆகவே கலப்பு லீகைத் தேடும் பெண்களுக்குச் சொல்வேன்: விதியை வாசியுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல் ஓர் ஆட்டத்தை நேரில் போய்ப் பார்த்து, கட்டாயம் இல்லாத முயற்சிகளில் பெண்களுக்கு எத்தனை பந்து வருகிறது என்று எண்ணுங்கள்.

மூன்றாவது லீகை அப்படித்தான் தேர்ந்தேன். அண்டை நகர் ஒன்றின் பூங்கா, பொழுதுபோக்குத் துறை நடத்தும் ஐவர் வடிவக் கலப்பு லீக் அது. ஓர் அணியில் மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய் ஓரமாக நின்று நான்கு ஆட்டங்களைப் பார்த்தேன். நடுவர்களைத்தான் அதிகம் கவனித்தேன். ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள் இருந்தார்கள். ஓடுகிறவர் தன் கொடியைக் கையால் மறைப்பதை ஒவ்வொரு முறையும் தவறாமல் தண்டித்தார்கள். கத்திய ஒருவரை ஒரே எச்சரிக்கைக்குப் பின் வெளியே உட்காரவைத்தார்கள். கொடி மறைப்பைக் கண்டுகொள்ளாத லீகில் கைகள் மோதும், பிறகு வாய்கள் மோதும், கடைசியில் தோள்கள் மோதும். இதை முதல் லீகில் பார்த்திருந்தேன். ஐவர் மட்டுமே இருப்பதால் ஓர் ஆளை ஒதுக்கிவைத்து ஆடவும் இயலாது. இரண்டு பெண்களை விட்டுவிட்டால், எறியும் குவார்ட்டர்பேக் போக, பந்தைப் பிடிக்க மிஞ்சுவது இருவர்தான். விதியால் செய்ய முடியாததை ஆள் எண்ணிக்கை செய்துவிடுகிறது.

பொறுப்பாளரிடம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டேன்: பிரிவுகளை எப்படி அமைக்கிறீர்கள்? முதல் இரண்டு வாரங்களின் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு அணிகளைப் பிரிப்பதாகவும், தனியாளாகப் பதிகிறவர்களை ஒரே அணியில் குவிக்காமல் பரவலாகச் சேர்ப்பதாகவும் சொன்னார். அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று சீசன்களாக அங்கேதான் ஆடுகிறேன்.

செலவைப் பொறுத்தவரை, முதல் லீகில் ஒரு சீசனுக்கு 110 டாலர் கட்டினேன்; இப்போதைய லீகில் அணிக்கட்டணத்தைப் பங்கிட்டால் ஆளுக்கு 60 டாலர் அளவில் வருகிறது. உலோக முள் இல்லாத வார்ப்பு முள் காலணி, பற்காப்பு, பை இல்லாத கால்சட்டை ஆகியவற்றை ஒருமுறை வாங்கினால் போதும். ஆள் வராமல் ஆட்டத்தைக் கைவிட்டால் பிடித்துக்கொள்ளும் வைப்புத்தொகை உண்டா என்று கேளுங்கள். மழைக்கு ரத்தான ஆட்டத்துக்கு மாற்று நாள் தருவார்களா என்பதையும் கேட்க வேண்டும்; டெக்சாஸ் வசந்தத்தில் இடி கேட்டால் மைதானத்தைக் காலி செய்து, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடங்கள் காத்திருப்பார்கள், பல நாள் அத்தோடு ஆட்டமே முடிந்துவிடும். அப்படிப் போன இரண்டு ஆட்டங்களை இரண்டாவது லீக் மறுபடி நடத்தவில்லை, இப்போதைய லீக் நடத்துகிறது.

எந்தப் பருவத்தில் தொடங்குவது என்று கேட்டால் வசந்தம் என்பேன். கோடையில் மாலை ஏழு மணிக்கும் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொடும். முப்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் உடலுக்கு, அதுவும் ஓட்டப் பழக்கம் விட்டுப்போன உடலுக்கு, அது ஏற்றதல்ல. இலையுதிர்காலத்தில் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து நடப்பதால் ஞாயிறு பிற்பகல்களில் ஆள் சேர்ப்பது கடினம்; எங்களைப் போன்றவர்களுக்கு நவராத்திரியும் தீபாவளியும் குறுக்கே வரும். எந்தப் பருவமானாலும், முதல் ஆட்டத்துக்கு ஆறு வாரம் முன்பிருந்தே குறுகிய வேக ஓட்டங்களையும் தொடையின் பின்தசைக்கான பயிற்சிகளையும் செய்யத் தொடங்குங்கள். எங்கள் அணியில் ஒரு சீசனுக்கு ஒருவராவது தொடைத் தசை இழுத்து உட்கார்ந்துவிடுகிறார். அவர்களில் பெரும்பாலோர் நேராக அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவர்கள்.

இப்போது நான் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் ரஷர் இடத்தில் ஆடுகிறேன். ஏழு யார்டு தொலைவிலிருந்து புறப்பட்டு, எதிராளி எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்பதை அவர் கண்ணைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்துக் கணித்து, குனிந்து கொடியை உருவும் அந்த ஒரு கணத்துக்காகவே ஞாயிறு காலைகளில் ஐந்தரை மணிக்கு எழுகிறேன். மகனுக்கு இப்போது பதினொரு வயது. என் ஆட்டங்களுக்கு அந்த மடக்கு நாற்காலியை அவனே தூக்கிக்கொண்டு வருகிறான். எங்கள் லீகின் வசந்தகாலப் பதிவு ஜனவரியில் திறக்கும், ஆட்டங்கள் மார்ச் முதல் ஞாயிறு தொடங்கும். எங்கள் அணியில் பெண்களுக்கான இடம் ஒன்று காலியாக இருக்கிறது. பந்தைப் பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிப்ரவரி முழுவதும் சனிக்கிழமை மாலைகளில் பயிற்சி வைத்திருக்கிறோம்.