மோக் டிஃபாம்: ஒரு குரல், எட்டு ஸ்டெப், மெமரி கிடையாது

சாதாரண டிரம் மெஷின் (தாள ஒலிகளை வாசிக்கும் மின்னணுப் பெட்டி) தேடுகிறவர்கள் மோக் நிறுவனத்தின் இந்த டிஃபாமை வாங்க வேண்டாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'ட்ரம்மர் ஃப்ரம் அனதர் மதர்' (சுருக்கமாக டிஃபாம்) என்று பெயரிலேயே ட்ரம்மரை வைத்திருக்கிற இந்தப் பெட்டியில் கிக்குக்கு (பெரிய டிரம்) ஒரு பட்டன், ஸ்னேருக்கு (சரசரக்கும் சின்ன டிரம்) ஒரு பட்டன், ஹைஹேட்டுக்கு (ஜோடித் தாளத்தட்டு) ஒரு பட்டன் என்று எதுவும் இல்லை. மொத்தமே ஒரு குரல்தான் (ஒரு நேரத்தில் ஒரே ஒலி), எட்டு ஸ்டெப்தான் (தாளச் சுற்றின் எட்டு இடங்கள்). திரை இல்லை, மெமரி இல்லை, மிடி (கருவிகளையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் டிஜிட்டல் மொழி) இல்லை. நீங்கள் உண்டாக்கிய தாளம் குமிழ்கள் இப்போது எங்கே நிற்கின்றனவோ அதில் மட்டும்தான் இருக்கிறது. நாலு குமிழைத் திருப்பிவிட்டால் பழையது போய்விட்டது, திரும்பக் கூப்பிட வழியே இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன்: தாளம் வேறு, ஒலி வேறு என்று பிரிக்காமல் இரண்டையும் ஒரே நேரத்தில் கையால் செதுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவியை நான் இன்னும் வாசித்ததில்லை.

பின்னணி சுருக்கமாக. 2015-ல் வந்த மதர்-32 என்ற மோக் சிந்தசைசருக்கு அடுத்து வந்தது இது. 2017-ல் மோக்ஃபெஸ்ட் விழாவில், தாங்களே பூட்டிக்கொள்ளும் கிட் வடிவில் தலைகாட்டி, 2018-ல் கடைக்கு வந்தது. 2020-ல் சப்ஹார்மோனிகானும் இதே வரிசையில் சேர்ந்தது. மூன்றும் ஒரே அளவு, 60 எச்.பி. (யூரோரேக்கின் அளவுமுறை) அகலம். பெட்டியிலிருந்து கழற்றி யூரோரேக் என்ற மாட்யூலர் சிந்தசைசர் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

ரோலண்டின் டி.ஆர்-808 1980-ல் வந்ததிலிருந்து டிரம் மெஷின் என்றால் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு ஒலிக்கும் தனி சர்க்யூட், 16 ஸ்டெப், எந்த ஒலி எந்த ஸ்டெப்பில் விழ வேண்டும் என்று நீங்கள் பட்டனைத் தட்டிச் சொல்கிறீர்கள். டிஃபாம் இந்த வழியில் போவதில்லை. இங்கே எட்டு ஸ்டெப்பும் ஒரே ஒலியைத்தான் தட்டுகின்றன, அந்த ஒலி ஸ்டெப்புக்கு ஸ்டெப் எப்படி மாற வேண்டும் என்பதுதான் உங்கள் வேலை. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் இரண்டு குமிழ்: மேலே பிட்ச் (சுருதி), கீழே வெலாசிட்டி (அடியின் அழுத்தம்). வெலாசிட்டியை அடிவரை இறக்கினால் அந்த ஸ்டெப் மௌனமாகிவிடும், ஏற்றினால் சத்தமும் கூடும், ஒலியின் சில பகுதிகளை வடிகட்டும் ஃபில்டரும் அதிகமாகத் திறக்கும். தாளத்தின் அழுத்தம் முழுவதும் இந்தக் கீழ் வரிசையில்தான் இருக்கிறது, புதிதாக வாங்குகிறவர்கள் மேல் வரிசையை மட்டும் திருகிவிட்டு 'ஒரே மாதிரி கேட்கிறதே' என்று சலித்துக்கொள்வதற்கும் இதுதான் காரணம்.

உள்ளே இருப்பது அதிகமில்லை. இரண்டு ஆஸிலேட்டர் (ஒலியை உண்டாக்கும் சர்க்யூட்), ஒவ்வொன்றிலும் ஸ்கொயர் அல்லது ட்ரையாங்கிள் அலை. ஒரு ஒயிட் நாய்ஸ் ('ஸ்ஸ்' என்ற இரைச்சல்). மோக்கின் பேர் சொல்லும் லேடர் ஃபில்டர் (பாப் மோக் இதற்குக் காப்புரிமை பெற்றது 1969-ல்). இதில் லோ பாஸ் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடுவது), ஹை பாஸ் (உயர்ந்ததை மட்டும் விடுவது) இரண்டுக்கும் ஒரே ஸ்விட்ச். மூன்று என்வலப் (ஒவ்வொரு அடியிலும் ஒன்றை ஏற்றி இறக்கும் சர்க்யூட்), பிட்சுக்கு ஒன்று, ஃபில்டருக்கு ஒன்று, வால்யூமுக்கு ஒன்று. மூன்றிலும் எவ்வளவு நேரத்தில் தணிய வேண்டும் என்று சொல்லும் டீகே குமிழ் மட்டும்தான். அட்டாக் (ஒலி எழும் வேகம்) என்றால் வால்யூமுக்கு ஃபாஸ்ட், ஸ்லோ என்று ஒரு சின்ன ஸ்விட்ச், அவ்வளவே.

சரி, இதில் கிக் எப்படி வருகிறது? முதல் ஆஸிலேட்டரை ட்ரையாங்கிளில் வைத்து நன்றாகக் கீழே இறக்குங்கள். அதன் என்வலப் அளவைக் கூட்டி, பிட்ச் டீகேயைக் குறையுங்கள். ஒவ்வொரு அடியிலும் சுருதி மேலே ஆரம்பித்து ஒரு நொடியின் சின்னத் துண்டுக்குள் கீழே விழுகிறது. அந்த விழுகையைத்தான் நம் காது தோலில் விழுந்த அடியாக எடுத்துக்கொள்கிறது. டீகே மிகக் குறைவாக இருந்தால் ஒரு 'டக்', கொஞ்சம் கூட்டினால் நல்ல கனமான கிக், இன்னும் கூட்டினால் டாம் (கிக்கைவிடச் சின்ன டிரம்), அதற்கும் மேலே போனால் லேசர் துப்பாக்கி. ஒரே குமிழ் இவ்வளவு தூரம் போகிறது! இப்போது நாய்ஸைக் கொஞ்சம் கலந்து, ஃபில்டர் டீகேயைச் சுருக்கினால் அதே அடியின் மேல் ஒரு ஸ்னேர் சாயல் ஏறும். ஹைஹேட் வேண்டுமா, ஆஸிலேட்டர்களை மூடிவிட்டு நாய்ஸை மட்டும் ஹை பாஸில் அனுப்புங்கள், வால்யூம் டீகே குறைவாக இருக்கட்டும்.

ஆனால் எனக்கு இந்தப் பெட்டியின் மேல் பைத்தியம் பிடித்தது கிக்கால் அல்ல, எஃப்.எம்-ஆல் (ஒரு ஆஸிலேட்டர் இன்னொன்றின் சுருதியை அசைப்பது). முதல் ஆஸிலேட்டரை இரண்டாவதின் மேல் மாடுலேஷனாக ஏற்ற ஒரு குமிழ் இருக்கிறது. பக்கத்திலேயே சீக்வென்சரின் (எட்டு ஸ்டெப்பையும் ஓட்டும் பகுதி) பிட்ச் எதற்குப் போக வேண்டும் என்று ஒரு ஸ்விட்ச்: இரண்டு ஆஸிலேட்டருக்குமா, இரண்டாவதுக்கு மட்டுமா, எதற்கும் வேண்டாமா. அதை இரண்டாவதுக்கு மட்டும் என்று வைத்துவிட்டு எஃப்.எம்-ஐப் பாதி ஏற்றிப் பாருங்கள். முதலாவது அசையாமல் நிற்கிறது, இரண்டாவது ஸ்டெப்புக்கு ஸ்டெப் இடம் மாறுகிறது, ஆகவே இரண்டுக்கும் உள்ள விகிதம் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் வேறு. ஒரு ஸ்டெப்பில் வெண்கல மணி, அடுத்ததில் மரக்கட்டை, அதற்கடுத்ததில் தகர டப்பா. ஒரே குரல்தான் பேசுகிறது, கேட்பவருக்கு நாலு பேர் வாசிப்பது போலத் தோன்றும். அப்புறம் ஹார்ட் சிங்க்கையும் (ஒரு ஆஸிலேட்டரின் அலை தொடங்கும்போதெல்லாம் இன்னொன்றையும் தொடங்க வைப்பது) போட்டால் ஒலி இன்னும் கூர்மையாகிறது.

பேட்ச் பேயில் (கேபிள் குத்தும் பலகை) 24 ஜாக்: 15 உள்ளே, 9 வெளியே. கேபிள் எதுவும் குத்தாமலே கருவி முழுமையாக வேலை செய்யும், ஆனால் நாலைந்து கேபிள் கூட இல்லாமல் இதை வைத்திருப்பது வீண். இரண்டு பேட்ச் (கேபிள் இணைப்பு) மட்டும் சொல்கிறேன். வெலாசிட்டி அவுட்டை எடுத்து வி.சி.எஃப் (ஃபில்டர்) டீகேயில் குத்துங்கள்: அழுத்தி அடித்த ஸ்டெப்பில் ஃபில்டர் மெதுவாக மூடும், லேசாக அடித்ததில் சட்டென்று மூடும், கை வைத்து அடிக்கும் தோல் கருவியின் உயிர்ப்பு உடனே வந்துவிடும். இரண்டாவது, பிட்ச் அவுட்டை டெம்போ இன்னில் குத்துவது. டிஃபாம் தன் சொந்த க்ளாக்கில் (ஸ்டெப்பை நகர்த்தும் துடிப்பு) ஓடும்போது, பிட்ச் உயர்ந்த ஸ்டெப் வேகமாகக் கடந்துவிடும், தாழ்ந்த ஸ்டெப் இழுத்து நிற்கும். எட்டு சம துண்டுகளாக இருந்த தாளம் நொண்டவும் தாவவும் ஆரம்பிக்கும். ஆஸிலேட்டருக்குப் போகும் பிட்சை ஸ்விட்சில் அணைத்துவிட்டால் மேல் வரிசைக் குமிழ்கள் முழுக்க முழுக்கக் காலத்தை வளைக்கும் குமிழ்களாக மாறிவிடுகின்றன. எந்தக் கம்ப்யூட்டர் கிரிட்டிலும் இதை வரைந்து எடுப்பது பெரும்பாடு.

குறைகளுக்கு வருகிறேன், மழுப்ப விரும்பவில்லை. பெரிய குறை சிங்க், அதாவது மற்ற கருவிகளோடு சேர்ந்து ஓடுவது. வெளி க்ளாக்கை அட்வான்ஸ் ஜாக்கில் கொடுத்தால் ஒரு துடிப்புக்கு ஒரு ஸ்டெப் நகரும், நல்லதுதான். ஆனால் முதல் ஸ்டெப்புக்குத் திருப்பும் ரீசெட் இன் கிடையாது. நடுவில் நிறுத்தினால் எங்கே நின்றதோ அங்கேயேதான் நிற்கும், மற்ற கருவிகளெல்லாம் முதல் அடியிலிருந்து கிளம்பும்போது இது மட்டும் ஐந்தாவதிலிருந்து கிளம்பும். அட்வான்ஸ் பட்டனைத் தட்டித் தட்டி முதல் ஸ்டெப்புக்கு நீங்களே கொண்டுவர வேண்டும். வீட்டில் பரவாயில்லை, மேடையில் கண் முழுதும் அந்தச் சிவப்பு விளக்குகளின் மேலேயே இருக்கும். எட்டு ஸ்டெப்பைக் குறைத்து ஆறாகவோ ஐந்தாகவோ ஓட்டவும் வழி வைக்கவில்லை. இந்த இரண்டும் இருந்திருந்தால் நான் குறை சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை.

மிடி இல்லாததைச் சமாளிக்கலாம். மதர்-32 இருந்தால் அதற்கு மிடி கொடுத்து, அதன் அசைன் அவுட்டில் க்ளாக்கை எடுத்து இதற்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் மிடியை சி.வி-யாக (வோல்ட்டேஜ் சிக்னல்) மாற்றும் ஏதாவது ஒரு மாட்யூல் வேண்டும். இன்னொரு வழி, சீக்வென்சரையே மறந்துவிட்டு ட்ரிகர் இன்னில் வெளியிலிருந்து தட்டுவது. அப்போது ஸ்டெப் நகராது, ஒலி மட்டும் அடிக்கும், ஆகவே வேறு சீக்வென்சரின் கீழ் ஒரு தாளக் குரலாக இதை உட்கார வைக்கலாம்.

பிட்ச் குமிழ்களில் மெட்டுப் போட நினைப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. மைனஸ் 5 வோல்ட்டிலிருந்து பிளஸ் 5 வோல்ட் வரை போகிறது ஒவ்வொன்றும், அதாவது ஒரு சின்னக் குமிழுக்குள் பத்து ஆக்டேவ் (ஸ்தாயி). ஸ்வரத்தில் கொண்டுபோய் நிறுத்தும் குவாண்டைசரும் இல்லை. மயிரிழை திருப்பினாலே சுருதி ஓடிவிடும். பேஸ் லைனுக்கு ஒன்றிரண்டு ஸ்வரம் பொறுமையாகப் பிடிக்கலாம், அதற்கு மேல் இது இடமில்லை. ரெசனன்ஸை (ஃபில்டர் வெட்டும் இடத்தைத் தூக்கிக் காட்டுவது) ஏற்றும்போது அடியொலி மெலிவது லேடர் ஃபில்டரின் இயல்பு, ஆகவே கனமான கிக் வேண்டும் என்றால் ரெசனன்ஸைக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மெமரி இல்லாததைப் பற்றிப் பலரும் புலம்புகிறார்கள். என் யோசனை, டிஃபாம் ஓடும்போதெல்லாம் ரெக்கார்டரும் ஓடட்டும். அரை மணி நேரம் திருகிக்கொண்டே இருங்கள், பிறகு அதில் நல்ல இடங்களை வெட்டி சாம்ப்ளரில் (பதிவான ஒலிகளை வாசிக்கும் கருவி) போட்டுக்கொள்ளுங்கள். கிக், டாம், மணி, தகரம் எல்லாம் ஒரே மூட்டையில் கிடைக்கும், அதுவும் வேறு யாரிடமும் இல்லாத ஒலிகளாக. டெக்னோ செய்கிறவர்கள், நாய்ஸ் இசைக்காரர்கள், படத்துக்குப் பின்னணி ஒலி அமைக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பாட்டுக்குப் பாட்டு அதே தாளம் மாறாமல் வர வேண்டும் என்கிற மேடைக் குழுக்காரர்கள், இதுதான் தங்கள் முதல் டிரம் மெஷின் என்கிறவர்கள் வேறு பக்கம் பாருங்கள். ஏற்கெனவே ஒரு 808 வகைக் கருவியோ சாம்ப்ளரோ வைத்திருந்து, நேரான நாலு அடியை அது பார்த்துக்கொள்ளும் என்றால், அதன் பக்கத்தில் டிஃபாமை வைத்து எதிரொலி தரும் ஒரு டிலே பெடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.