காப்பிக்குச் சோயாப் பால், சொதிக்குத் தேங்காய்ப் பால்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் பசும்பால் வாங்குவதை நிறுத்தி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. அப்போது ஏழு வயதாயிருந்த மகனுக்குப் பால் புரதம் ஒவ்வாது என்று மருத்துவர் உறுதிசெய்தார். எனக்கோ பல ஆண்டுகளாகவே பால் குடித்தால் வயிறு பொருமும். இரண்டும் ஒரே கோளாறு என்று பலர் எண்ணுகிறார்கள். என்னுடையது, பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோனதால் வருவது. அவனுடையது, பாலின் புரதத்தையே உடல் பகையாகக் கருதி எதிர்ப்பதால் வருவது. எனக்கு மட்டுமென்றால் லாக்டோஸ் நீக்கிய பசும்பாலே போதும். அவனுக்கு அது ஆகாது. உறவினர்கள் அன்போடு சொன்ன ஆட்டுப்பாலும் ஆகாது. அதன் புரதம் பசும்பாலின் புரதத்தை மிகவும் ஒத்திருப்பதால், ஒன்று ஒவ்வாதவர்களில் பெரும்பாலோருக்கு மற்றதும் ஒவ்வாமல் போகிறது. ஆகவே தேங்காய், பாதாம், ஓட்ஸ், சோயா என்று செடிகொடிகளுக்குள்ளேயே தேட வேண்டியதாயிற்று. பால் ஒவ்வாத பிள்ளைகளில் சிலருக்குச் சோயாவும் ஒவ்வாது என்பதால், மருத்துவரின் ஒப்புதல் கிடைத்த பிறகே அவனுக்கு அதைக் கொடுக்கத் தொடங்கினேன்.

தேங்காய்ப் பாலின் பெருமையைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியே பிழிந்தெடுத்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, அடுப்பை அணைக்கும் நேரத்தில் முதல் பாலை ஊற்றி இறக்கும் சொதிக்கு இணையான ஒன்றைச் சோயாவால் செய்ய முடியாது. முயன்று பார்க்கவும் எனக்கு மனமில்லை. ஆனால் அன்றாடப் பாலின் இடத்தில் அதை வைத்தால் சில குறைகள் தெரிகின்றன. அதில் கொழுப்பே மிகுதி, புரதம் சொற்பம். சித்திரை வெயிலில் காலையில் பிழிந்தது மதியத்திற்குள் புளித்த வாடை அடிக்கத் தொடங்கிவிடும். காப்பியில் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும்.

பாதாம் பானத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியில் வருவது பெரும்பாலும் தண்ணீர். 100 மில்லியில் அரை கிராம் அளவுக்கே புரதம் இருக்கும், விலையோ அதிகம். ஓட்ஸ் பானத்தை இரண்டு பெட்டிகள் மட்டுமே வாங்கியிருக்கிறேன், அதனால் உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். காப்பியோடு அது நன்றாகவே இசைந்தது, ஆனால் அதன் இனிப்பு எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை.

புரதக் கணக்கில் சோயா தனித்து நிற்கிறது. பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 3.2 கிராம் புரதம் உண்டு. நன்கு அரைத்து எடுத்த சோயாப் பாலிலும் ஏறத்தாழ 3 கிராம் கிடைக்கிறது. வளரும் பிள்ளைக்காகத் தேடிய எனக்கு அதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம், சோயாப் பயறு காய்ந்த நிலையில் டப்பாவில் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும் என்பது. நூறு முதல் நூற்றிருபத்தைந்து கிராம் பயறுக்கு ஒரு லிட்டர் பால் வரும். கடைக்கு வரத்து நின்றாலும், மழையில் வீட்டைவிட்டுப் போக முடியாவிட்டாலும் எங்களுக்குப் பால் உண்டு.

ஆனால் புரதமும் விலையும் எப்படியிருந்தாலும், ஒரு வீட்டில் சோயா நிலைக்குமா நிலைக்காதா என்பதை முடிவுசெய்வது அதைக் காய்ச்சும் முறைதான். சோயாவை வெறுத்தவர்களிடம் பேசிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாருமே சரியாகக் காய்ச்சாத பாலைக் குடித்தவர்களாக இருக்கிறார்கள். நானும் முதல் வாரத்தில் அப்படித்தான் குடித்தேன். அடுப்பில் வைத்த சில நிமிடங்களில் வெண்ணுரை திரண்டு பாத்திரத்தின் விளிம்புவரை ஏறியது. பசும்பால் பழக்கத்தில் பொங்கிவிட்டதாக எண்ணி இறக்கிவிட்டேன். அன்று மாலைவரை வயிற்றுப் பிசைவும் குமட்டலும் விடவில்லை. நல்ல வேளையாக முதலில் குடித்துப் பார்த்தது நான், பிள்ளை அல்ல.

அந்த நுரை கொதியின் அடையாளமே இல்லை. சோயாவில் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் இருப்பதால், பால் கொதிநிலைக்கு வருவதற்கு வெகு முன்பே, 80 பாகைச் சூட்டை ஒட்டியே, அது பொங்குவதுபோல் மேலெழும்புகிறது. வேகாத சோயாப் பயறில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. அவை செயலிழக்க வேண்டுமென்றால் நுரை அடங்கிய பிறகும் பால் உண்மையாகவே கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் அடிகனமான பாத்திரத்தில் பாதியளவுக்கு மட்டும் ஊற்றி, தீயைக் குறைத்து, நுரையைக் கரண்டியால் ஒதுக்கி, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே கொதி வந்த பின் பதினைந்து நிமிடங்கள் வைக்கிறேன். விடுமுறைக்கு வந்திருந்த ஆச்சி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “ஏட்டி, அதான் பொங்கிட்டுல்லா, இன்னும் எதுக்கு அடுப்ப எரிய விட்டிருக்க?” என்று கேட்டார். ஒரு கரண்டி எடுத்து ஆற்றி அவரிடமே கொடுத்தேன். பச்சை வாடை தெரிந்ததும் கரண்டியைத் திருப்பித் தந்துவிட்டுப் பேசாமல் நின்றார். பதினைந்து நிமிடங்கள் கழித்துக் கொடுத்ததை முழுவதுமாகக் குடித்தார்.

அந்தப் பச்சை வாடை அரைக்கும்போதே பிறக்கிறது. ஊறிய பயறு உடைந்து தண்ணீரோடும் காற்றோடும் சேரும் கணத்தில் அதிலுள்ள ஒரு நொதி கொழுப்பின்மீது வேலைசெய்து அந்த மணத்தை உண்டாக்குகிறது; சூடு பட்டால் அந்த நொதி அடங்கிவிடும். ஆகவே எட்டு மணி நேரம், கோடையில் ஆறு மணி நேரம், ஊறிய பயறின் தோலைக் கசக்கிக் களைந்து, கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்து, பிறகே மிக்ஸியில் அரைக்கிறேன். பழைய வேட்டித் துணியில் பிழிந்தால் மிஞ்சும் சக்கை அடை மாவுக்குப் போகிறது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதிக்கு இது மிக முக்கியம். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில் அரைத்த பால் வழவழப்பாக வருகிறது. ஒருமுறை குழாயில் தண்ணீர் வராமல் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் அரைத்தபோது, காய்ச்சக் காய்ச்சப் பால் பொடிப்பொடியாகத் திரிந்து, மேலே தெளிந்த நீர் நின்றது. சோயாப் பாலை உறையவைத்து டோஃபு செய்பவர்கள் அதில் சேர்ப்பது கால்சிய, மெக்னீசிய உப்புகளைத்தான். கடின நீரில் இருப்பவையும் அவையே. நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் உப்புத் தண்ணீரோடு வாழ்பவர்கள் சோயாவுக்கு மாறுவதானால், குடிப்பதற்கு வாங்கும் நல்ல தண்ணீரிலேயே அரைக்க வேண்டும்.

காப்பியில் திரிவதும் இதனோடு சேர்ந்த சங்கதிதான். டிகாக்‌ஷனின் புளிப்பும் சூடும் ஒருசேரத் தாக்கும்போது சோயாப் புரதம் திரிகிறது. பாலைச் சுடவைத்து டம்ளரில் முதலில் ஊற்றி, சற்றே ஆறிய டிகாக்‌ஷனை மெதுவாக அதில் சேர்த்தால் திரிவதில்லை. நன்றாக வறுத்த தூள், இளவறுப்புத் தூளைவிடப் புளிப்புக் குறைந்தது என்பதால் அதுவே ஏற்றது. கருப்பட்டிக் காப்பி குடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டபோதெல்லாம் எனக்குத் திரிந்துதான் போயிற்று; தனியே கரைத்து வடிகட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேர்த்தபோது ஒருமுறையும் திரியவில்லை.

சோயாவின் பெரிய குறையையும் மறைக்கக் கூடாது. 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கால்சியம் உண்டு. வீட்டில் எடுத்த சோயாப் பாலில் அதில் நான்கில் ஒரு பங்குகூட வருவது அரிது. பி12 வைட்டமின் அறவே இல்லை. பெட்டிகளில் வரும் சோயா பானங்கள் பலவற்றில் இவற்றைச் சேர்த்தே விற்கிறார்கள், அட்டையில் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்; சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். அதனால் மகனுக்கு இரவில் ஒரு டம்ளர் பெட்டிப் பானம், வாரத்தில் மூன்று நாள் காலையில் கேழ்வரகுக் கூழ் என்று வைத்திருக்கிறேன். தோலோடு அரைத்த கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் கிடைக்கிறது. முட்டையும் மீனும் சாப்பிடுவதால் எங்களுக்கு பி12 பற்றிக் கவலையில்லை. சைவ வீட்டில் பாலையும் நிறுத்துவதானால் இதை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சோயா அந்த மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடியது. என் அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, முதல் காப்பியைக் கடுங்காப்பியாகக் குடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேலேதான் சோயாக் காப்பியைத் தொடுகிறார். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு வீட்டுச் சோயாப் பாலைத் தாய்ப்பாலின் இடத்தில் கொடுக்கவே கூடாது. அதற்கென்று தயாரிக்கப்படும் மாவு வேறு, இது வேறு.

தயிர் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. ஒவ்வாமை உள்ள வீட்டில் பழைய தயிரை உறைக்கு ஊற்ற முடியாது என்பதால், காம்போடு கூடிய பச்சை மிளகாயை வெதுவெதுப்பான சோயாப் பாலில் போட்டு வைத்துப் பார்த்தேன். மூன்று முறை செய்ததில் இரண்டு முறை உறைந்தது. கரண்டியில் எடுத்தால் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருந்தது, ஆனால் புளிப்பு மந்தம். சோற்றில் பிசைந்து உப்பும் இஞ்சியும் சேர்த்துக் கொடுத்தபோது மகன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். மோர்க்குழம்புக்கு மட்டும் புளிப்புப் போதாமல் எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டியிருந்தது. கோடை முழுவதும் செய்து பார்த்த பிறகுதான் தயிருக்கும் சோயாவே போதுமா என்று சொல்வேன்.