"ஜோடியா வாங்க, பரிசு இருக்கு" என்று போன் வந்தால் போகாதீர்கள். எங்களுக்கு ₹74,000 போய்விட்டது

பணம் கட்டிச் சேர்ந்தால் வருடாவருடம் சுற்றுலா ஊர்களில் தங்க இடம் தருவதாகச் சொல்லும் ஒரு விடுமுறைக் கிளப்பின் அலுவலகத்திலிருந்து நேற்று மாலைதான் திரும்பி வந்தோம். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் கூட்டம் போடும் ஹோட்டல் ஹாலில் எங்களைப் போல நாலைந்து ஜோடிகளை உட்கார வைப்பார்கள்.

எங்களுக்கு ராஜபாளையம். சித்திரையில்தான் சென்னைக்குக் குடிவந்தோம். என் கணவருக்குப் பெருங்குடியில் வேலை, வீடு வேளச்சேரியில். இங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. சும்மா வீட்டில் அடைந்து கிடப்பானேன் என்று, வாரம் ஒரு இடமாக ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். பறக்கும் ரயிலில் ஏறித் திருமயிலையில் இறங்கினால் கபாலீஸ்வரர் கோயில், தெப்பக்குளம், அப்படியே நடந்தால் சாந்தோம் தேவாலயம். இன்னொரு வாரம் மெரினா கலங்கரை விளக்கம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்திலேயே பாதி நாள் போய்விட்டது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் எனக்கு டிக்கெட் கிடையாது, அவருக்கு மட்டும்தான். முந்நூறு ரூபாயில் ஒரு ஞாயிறு நிறைவாக முடிந்துவிடும்.

ஆடி மாதம் ஒரு நாள், மழைக்கு ஒதுங்கி ஒரு பெரிய மாலுக்குள் போனோம். வாசலிலேயே மேஜை போட்டு இரண்டு பேர். "கூப்பன் நிரப்புங்க, குலுக்கல்ல கார்" என்றார்கள். பெயர், போன் நம்பர், கல்யாணம் ஆகிவிட்டதா, கிரெடிட் கார்டு இருக்கிறதா. இதையெல்லாம் எதற்குக் கேட்கிறார்கள் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

நாலாம் நாள் போன். "உங்களுக்கு ரெண்டு பேருக்கு டின்னர் வவுச்சர் விழுந்திருக்கு மேடம். கணவன் மனைவி ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் தருவோம்." ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டல் ஹாலுக்குப் போனோம். அந்த விடுமுறைக் கிளப்பின் கூட்டம் அது. பாட்டு காதைப் பிளக்கிறது. யாராவது உறுப்பினராகச் சேர்ந்தால் மணி அடிக்கிறார்கள், எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

எங்கள் மேஜைக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ராஜபாளையம் என்றதும் முகம் மலர்ந்து, "அய்யோ அக்கா, எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்!" என்றாள். ஆடிப்பூரத் தேரைப் பற்றிப் பேசினாள், பால்கோவா பற்றிப் பேசினாள். நான்கு மாதமாக ஊர்ப்பேச்சு கேட்காத எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, நாங்கள் பார்த்த இடங்களை எல்லாம் காட்டினேன். "இவ்வளவு ஆசையா சுத்துறீங்க, இது உங்களுக்குன்னே செஞ்ச திட்டம்க்கா. மூணாறு, ஊட்டி, கோவா, வருஷத்துக்கு ஆறு ராத்திரி, பத்து வருஷம்" என்றாள்.

முதலில் ₹1,60,000 என்றார்கள். முடியாது என்றோம். மேனேஜர் வந்தார், ₹1,10,000 ஆனது. எழுந்துவிட்டோம். இன்னொருவர் வந்து, "புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும் ₹74,000, இன்னிக்கு மட்டும்தான்" என்றார். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்று என் கணவர் இரண்டு தடவை சொன்னார். நான்தான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி சேர்ந்துவிடலாம் என்றேன். ₹14,000 டெபிட் கார்டில், ₹60,000 கிரெடிட் கார்டில். எங்களுக்கும் மணி அடித்தார்கள். பணம் போன பிறகுதான் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டினார்கள்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு மூணாறு கேட்டோம். "சீசன், ஃபுல்." அடுத்த மாதம் ஏற்காடு கேட்டோம். "தொண்ணூறு நாளுக்கு முன்னாடியே கேட்கணும் சார்." தை மாதத்துக்குக் கேட்டால், முதலில் இந்த வருடப் பராமரிப்புக் கட்டணம் ₹8,500 கட்ட வேண்டுமாம். ஹாலில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பரிசாகக் கொடுத்த டின்னர் வவுச்சரை எடுத்துப் போனால், அந்த ஹோட்டலில் இதை வாங்குவதே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து ஆளுக்கொரு பேச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் "வேலையை விட்டுப் போயிட்டாங்க". மேனேஜர் "மீட்டிங்ல இருக்கார்". "மெயில் போடுங்க, ரீஃபண்ட் டீம் பார்ப்பாங்க" என்றார்கள். ஏழு மெயில் போட்டோம். ஏழுக்கும் ஒரே பதில், உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்று.

நேற்று நேரிலேயே போய் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் திருவண்ணாமலையிலிருந்து குடிவந்த ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுக் கொடுத்தேன். அவர்கள் மேஜைக்கு வந்ததும் அதே பெண்தான். அவர்களிடம் ஆரணி என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு அடிவயிறு எரிந்தது. ₹74,000 போனதுகூடப் பிறகு. ஊர்க்காரி என்று நம்பி நோட்டைக் காட்டினேனே!

கடைசியில் ஒருவர் வந்து, நின்றபடியே, "ஒன்பதாவது பாயின்ட் படிங்க, பணம் திரும்பாதுன்னு இருக்கு, நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். டெபிட் கார்டில் போன பணம், வாஷிங் மெஷினுக்கும் அடுத்த மாத வாடகைக்கும் வைத்திருந்தது. கிரெடிட் கார்டுக்கு மாதத் தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. மாலிலும் பெட்ரோல் பங்கிலும் கூப்பனில் நம்பர் எழுதாதீர்கள். கணவன் மனைவி சேர்ந்து வரச் சொன்னால் போகவே போகாதீர்கள். "இன்னிக்கு மட்டும்" என்றால் எழுந்துவிடுங்கள். வாயால் சொன்னதை எல்லாம் பேப்பரில் எழுதித் தரச் சொல்லுங்கள், முதலில் ஒப்பந்தம், அப்புறம்தான் கார்டு. ஏற்கெனவே மாட்டியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. திருவண்ணாமலைக்காரர்களும் நாங்களும் திங்கட்கிழமை ரசீது, மெயில் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறோம். அந்த ஹாலில் உட்கார்ந்து பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.