கேட்டர்ஹாமா, லோகாஸ்ட்டா, பைக் இன்ஜினா? கிட் காரில் ரேஸுக்குப் போகும் வழிகள்

பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் கிட் காரை ஆசை ஆசையாகக் கட்டி முடித்துவிட்டு, அப்புறம்தான் அதை எந்தப் போட்டியில் ஓட்டலாம் என்று தேடத் தொடங்குபவர்கள் நிறைய. பணம் அதிகம் வீணாவது அங்கேதான். இரண்டு லிட்டர் இன்ஜின், அகலமான டயர், விலை உயர்ந்த டாம்பர் (ஷாக் அப்சார்பர்) என்று பிடித்ததையெல்லாம் போட்ட கார், எந்த வகுப்பின் விதிக்கும் பொருந்தாமல் கடைசியில் பலவகைக் கார்களும் கலந்து ஓடும் திறந்த வகுப்பில் போய் நிற்கும். அங்கே அதைவிட இரண்டு மடங்கு செலவழித்தவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அதனால் இங்கே கார்களைவிட, அவை ஓடும் வகுப்புகளையும் அவற்றின் விதிகளையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். விதிப் புத்தகத்தை முதலில் வாங்குங்கள், காரை அப்புறம் வாங்குங்கள் என்பதே என் கட்சி.

களம் பிரிட்டன். 1957-இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 'செவன்' என்ற சின்னக் காரைக் கொண்டுவந்தார். எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்த கூடு, மேலே அலுமினியத் தகடு, முன்னால் இன்ஜின், பின்சக்கரத்துக்கு விசை. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும், பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் வேண்டாம். அந்த வரி விதிதான் பிரிட்டனின் கிட் கார் வழக்கத்தை வளர்த்துவிட்டது. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டு செவனின் உரிமையை, அதை விற்றுவந்த கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

சாப்மன் ரேஸ் பழகியது 750 மோட்டார் கிளப்பில். 1939-இல் ஆஸ்டின் செவன் என்ற வேறொரு பழைய சின்னக் காரின் பிரியர்கள் தொடங்கிய அமைப்பு அது. பழைய ஆஸ்டின் செவன் பாகங்களை வைத்துக் குறைந்த செலவில் ரேஸ் கார் கட்டும் போட்டியை 1949 முதல் நடத்தியவர்கள். வீட்டிலேயே குறைந்த செலவில் கட்டும் செவன் போன்ற கார்களுக்கான லோகாஸ்ட் ரேஸையும் அதே கிளப்தான் நடத்திவருகிறது. ஆக, இன்று எதிரெதிரே நிற்கும் கேட்டர்ஹாமும் லோகாஸ்ட்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

முதலில் கேட்டர்ஹாம் அகாடமி. ரேஸே ஓட்டிப் பழகாதவர்களுக்கென்று 1990-களின் நடுவிலிருந்து கேட்டர்ஹாம் நடத்திவரும் போட்டித் தொடர் இது. வந்து நிற்கும் எல்லாருமே புதியவர்கள் என்பதுதான் இதன் பெரிய பலம். பல ஆண்டுகளாக இந்தக் கார்களில் இருந்தது ஃபோர்டின் 1.6 லிட்டர் சிக்மா இன்ஜின், 125 குதிரைத்திறன். இன்ஜினுக்கு சீல் வைத்திருப்பார்கள், உள்ளே கைவைக்க முடியாது. டயரும் எல்லாருக்கும் ஒன்றுதான். காரின் எடை 500 கிலோவைச் சற்றுத் தாண்டும், அதனால் அந்த 125-ஏ முதுகை சீட்டோடு ஒட்ட வைக்கப் போதும்.

கட்டும் வேலை என்று பார்த்தால், கூடு வெல்டிங் முடிந்து பெயின்டோடு வரும். இன்ஜின் முழுதாக வரும். சஸ்பென்ஷன், பிரேக், வயரிங், எக்ஸாஸ்ட் எல்லாம் பெட்டி பெட்டியாக வரும். நல்ல ஸ்பானர் செட், டார்க் ரெஞ்ச், வாடகைக்கு ஒரு இன்ஜின் கிரேன் இருந்தால் போதும். 80 முதல் 100 மணி நேரம் ஆகும் என்று நிறுவனமே சொல்கிறது. வேலைக்குப் போகிறவர் மாலையும் வார இறுதியுமாக உட்கார்ந்தால் ஒரு குளிர்காலத்தில் முடித்துவிடலாம். நேரமில்லாதவர் கட்டிய காராகவே வாங்கிக்கொள்ளலாம்.

குறை எது என்றால், விலைதான். பல பத்தாயிரம் பவுண்ட் கையில் இருந்தால்தான் பேச்சே. இடித்துக்கொண்டால் பாகங்களுக்கு அந்த நிறுவனத்தை விட்டால் பெரும்பாலும் வழியில்லை. இன்னொன்றும் எனக்கு உறுத்தும். எல்லாம் முடிவு செய்யப்பட்ட காரில், ஒரு பாகம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டிய தேவையே வராது. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. அடுத்தவர் உங்களை விட ஒரு விநாடி வேகமாகச் சுற்றி வந்தால், அது அவருடைய கை கால்களின் வேலை என்று உடனே தெரிந்துவிடும். இன்ஜினைக் குறை சொல்ல வழியே இல்லாத இடத்தில் ஓட்டுவது வேகமாகக் கைவரும். முதல் ஆண்டு முடிந்ததும் அதே காரில் சில பாகங்களை மாற்றி ரோட்ஸ்போர்ட் என்ற அடுத்த வகுப்பு, அப்புறம் அதற்கும் மேலே என்று படிப்படியாகப் போகலாம். விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இருக்கிறது.

லோகாஸ்ட் கதை வேறு. நார்தாம்ப்டன்ஷையரின் அவுண்டல் பள்ளியில் ஆசிரியராக இருந்த ரான் சாம்பியன், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டைப் பிரித்து, 250 பவுண்ட் செலவில் செவன் போன்ற காரைக் கட்டலாம் என்று 1996-இல் ஒரு கையேடு வெளியிட்டார். குழாய்களின் நீளம், வெட்டும் கோணம், மூட்டும் வரிசை எல்லாம் அதில் இருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் கராஜில் வெல்டிங் பழகினார்கள். அந்த அளவுகளையே அடிப்படையாகக் கொண்டு ரேஸ் வகுப்பும் பிறந்தது. 1300 சிசி ஃபோர்டு கிராஸ்ஃப்ளோ இன்ஜின், எஸ்கார்ட்டின் ஒற்றைத் தண்டுப் பின் ஆக்ஸில் என்று எளிமையான பாகங்கள்.

இங்கே கூடு ஒரு அங்குலச் சதுர எஃகுக் குழாயிலிருந்து தொடங்குகிறது. கேட்டர்ஹாமில் வெட்டிக் கொடுத்த துணியைத் தைக்கிறோம், லோகாஸ்ட்டில் நூல் நூற்பதிலிருந்தே வேலை. மட்டமான மேசை ஒன்றை முதலில் செய்துகொள்ள வேண்டும். குழாய்களை அதன்மேல் கட்டிவைத்து, முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டி, மூலைவிட்டங்களை அளந்து சரிபார்த்து, அப்புறமே முழு வெல்டிங். வெல்டிங் ஆறும்போது உலோகம் சுருங்கி இழுக்கும். ஒரே மூலையில் தொடர்ந்து வெல்டிங் போட்டால் கூடே முறுக்கிக்கொள்ளும், அதனால் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். சஸ்பென்ஷன் கைகளைப் பிடிக்கும் பிராக்கெட்டுகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் அமையாவிட்டால், பின்னால் எந்த டாம்பரும் அதைச் சரிசெய்யாது.

பின் ஆக்ஸிலை நான்கு நீளக் கைகள் முன்பின் அசையாமல் பிடிக்கின்றன, குறுக்கே ஒரு பான்ஹார்ட் ராடு பக்கவாட்டில் போகாமல் பிடிக்கிறது. பழைய தொழில்நுட்பம்தான். ஆனால் அந்த ராடின் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் வளைவில் காரின் பின்புறம் எப்படி மாறுகிறது என்று கண்ணெதிரே பார்க்கலாம். இன்ஜின் சக்தி குறைவு என்பதால் வளைவில் இழந்த வேகம் நேர்ப்பாதையில் சுலபத்தில் திரும்பி வராது. பிரேக்கை எப்போது விடுவது, எவ்வளவு வேகத்தை உள்ளே கொண்டுபோவது என்று ஓட்டுநர் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் நான்கைந்து பேர் ஒட்டிக்கொண்டே போவதால் ரேஸ் கடைசிச் சுற்றுவரை முடிவாகாது. எனக்குப் பார்க்கப் பிடித்த கிளப் ரேஸ் இதுதான்.

சிக்கல் பாகங்களில். பின்சக்கர விசை எஸ்கார்ட் 1980-இல் நின்றுபோனது. ராலி ஓட்டுபவர்களும் பழைய கார் சேகரிப்பவர்களும் அதே ஆக்ஸில், அதே கியர்பாக்ஸுக்கு அலைகிறார்கள். ஒரு காலத்தில் காயலான் கடையில் கிடந்த பொருளுக்கு இன்று நல்ல விலை கேட்கிறார்கள். 250 பவுண்ட் என்ற கணக்கெல்லாம் எப்போதோ போய்விட்டது. கட்டும் நேரமும் அப்படித்தான். குடும்பம், வேலை எல்லாம் இருப்பவருக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஓடிவிடும். பாதியில் நின்றுபோன கூடுகள் கராஜ் மூலைகளில் நிறைய இருக்கின்றன.

மூன்றாவது வழி, அதே செவன் வடிவத்தில் மோட்டார் பைக் இன்ஜின். யமஹா ஆர்1, சுஸுகி ஹயாபுசா போன்றவை. எடை குறைவு, சத்தம் உச்சிக்கு ஏறும், கிளட்ச் மிதிக்காமலே மேலே தட்டும் வரிசை கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேர்ந்தே வருகிறது. விசைக்குச் செலவழிக்கும் பணத்தை வைத்துப் பார்த்தால் இதை வெல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் காருக்கு இதை நான் சொல்லமாட்டேன். பைக் வளைவில் சாயும், அதனால் எண்ணெய் எப்போதும் தொட்டியின் அடியிலேயே இருக்கும். கார் சாயாது. நீண்ட வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சும் குழாய்க்குக் காற்றுதான் கிடைக்கும். நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும் இன்ஜினில் ஓரிரு விநாடி எண்ணெய் அழுத்தம் விழுந்தாலே பேரிங் போய்விடும். தடுப்புத் தகடுகள் வைத்த தொட்டியோ, எண்ணெயைத் தனி டாங்கில் வைத்து பம்ப் செய்யும் அமைப்போ கட்டாயம் தேவை. கிளட்சும் இருமடங்கு எடையை இழுக்கப் படைக்கப்பட்டதல்ல. கார் கட்டிப் பழகியவர், இன்ஜினைப் பிரித்து மூட அஞ்சாதவர் என்றால் சரி, தாராளமாகப் போகலாம்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. மாசசூசெட்ஸின் வேர்ஹாமில் 1995-இல் தொடங்கிய ஃபேக்டரி ஃபைவ், கோப்ரா என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் கிட் தருகிறது. அதன் ரேஸ் வடிவத்துக்கு 1987 முதல் 1993 வரையிலான மஸ்டாங்கின் வி8 பாகங்களே அடிப்படை. பெரிய இன்ஜின், பெரிய டயர் செலவு. குறைந்த செலவில் வேண்டுமென்றால் பழைய மாஸ்டா மியாட்டாவைப் பிரித்துக் கட்டும் எக்ஸோசெட் இருக்கிறது. பாகங்கள் மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பதால் அங்கே என் ஓட்டு அதற்கே.

எந்தக் காரைத் தேர்ந்தாலும் ரேஸுக்குத் தயார் செய்யும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் ரோல் கேஜ், பல முனை பெல்ட், வெளியிலிருந்தே இழுக்கக்கூடிய மின் துண்டிப்பு சுவிட்ச், தீயணைப்பான், பின்னால் சிவப்பு மழை விளக்கு, முன்னும் பின்னும் கட்டி இழுக்கும் வளையம். பெல்ட்டுக்குக் காலாவதி உண்டு. பழைய கார் வாங்குபவர்கள் அந்த லேபிளை மறந்துவிட்டு, பரிசோதகர் திருப்பி அனுப்பும்போதுதான் பார்க்கிறார்கள். ஓட்டுநருக்கு ஹெல்மெட், தீ தாங்கும் உடை, கழுத்தைக் காக்கும் பிடிமானம். இவற்றின் செலவை காரின் செலவோடு சேர்த்தே போட்டுப் பாருங்கள்.

வேகத்துக்காக ஏதாவது செய்யத் தோன்றினால், இன்ஜினை விட்டுவிட்டு நான்கு சக்கரத்தின் எடையைச் சரிசெய்யுங்கள். செவனில் ஓட்டுநர் ஒரு ஓரத்தில் உட்காருகிறார். இவ்வளவு லேசான காரில் 80 கிலோ மனிதர் ஏறினால் எடை அந்தப் பக்கம் நிறையவே சாயும். அதனால் நீங்களே சீட்டில் உட்கார்ந்து, ரேஸுக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவீர்களோ அவ்வளவு ஊற்றி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தராசு வைத்து நிறுக்க வேண்டும். முன் இடதும் பின் வலதும் சேர்ந்து மொத்தத்தில் பாதி வருமாறு ஸ்பிரிங் வளையங்களைத் திருகிச் சரிசெய்வார்கள். இது சரியில்லாத கார் இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். பிரேக் பிடித்தால் ஒரு முன்சக்கரம் மட்டும் பூட்டிக்கொள்ளும். அரைநாள் வேலை, வேறெந்தப் பாகமும் இந்தப் பலனைத் தராது. பிரேக் எண்ணெயை உயர் கொதிநிலை உள்ளதாக மாற்றுவது அடுத்தது. முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், தளர்ந்தது எது என்று ஒரே பார்வையில் தெரியும்.

உரிமம் இல்லாமல் களத்தில் இறங்க முடியாது. ரேஸிங் பள்ளியில் ஓட்டிக் காட்ட வேண்டும், கொடிகளின் பொருளை எழுத்துத் தேர்வில் சொல்ல வேண்டும். அப்புறம் மோட்டார்ஸ்போர்ட் யூகே என்ற அமைப்பு உரிமம் தரும். சாலையிலும் ஓட்ட வேண்டுமென்றால் கிட் காருக்குத் தனி வாகன ஒப்புதல் தேர்வு இருக்கிறது, வெளியே துருத்தும் விளிம்புகளின் வளைவைக்கூட அளப்பார்கள். ரேஸுக்கு மட்டும் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் டிரெய்லரும் அதை இழுக்கும் வண்டியும் செலவில் சேரும்.

என் தீர்ப்பு இப்படி. ஓட்டக் கற்க வேண்டும், பணம் இருக்கிறது, நேரம் குறைவு என்றால் கேட்டர்ஹாம் அகாடமி. காரையும் கற்க வேண்டும், வெல்டிங் கற்கத் தயார் என்றால் லோகாஸ்ட். பணம் குறைவு, ஆனால் அடுத்த சீசனிலேயே ஓட்ட வேண்டும் என்பவருக்கு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லோகாஸ்ட் ஒன்றை வாங்குவதுதான் சரி. கட்டியவர் கொட்டிய நேரத்துக்கு அந்த விலையில் மதிப்பே இருக்காது, சில ஆயிரம் பவுண்டில் முடித்துவிடலாம். குளிர்காலத்தில் அதை முழுக்கப் பிரித்துப் பூட்டினால் கட்டும் அறிவில் பாதி கைக்கு வந்துவிடும்.

அப்படி வாங்கப் போகும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். டார்ச்சோடு கீழே படுத்து, சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகள் கூட்டோடு சேரும் வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பான்ஹார்ட் ராடு பிடித்திருக்கும் இடத்தை முதலில் பாருங்கள், பக்கவாட்டு விசை முழுதும் அங்கேதான் இறங்குகிறது. முன்பக்க மூலைவிட்டங்களை டேப் வைத்து அளந்து, இடதும் வலதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கார் எந்த வகுப்பில் கடைசியாக ஓடியது, பரிசோதனையில் எப்போது தேறியது என்று கேட்டு, இந்த ஆண்டு விதிப் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.