புங்கெண்ணெய் டீசல், மூணு வருஷம்: எல்லாம் சரி, அந்தக் கழுவுற வேலை இருக்கே...

போன வாரம் ஆயில் எஞ்சினுக்கு நாசில், அதான் டீசலை உள்ள பீய்ச்சுற முனை, அதை மாத்துனேன். கேள்விப்பட்டு முத்துப்பேட்டையில இருக்குற சித்தப்பா பையன் போன் பண்றான், "அண்ணே, நானும் புங்கெண்ணெயில டீசல் போடலாம்னு இருக்கேன், செய்யலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லு"ன்னு. ஒரு வார்த்தையில அடங்குற கதையாடா இது.

நாங்க திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. மேட்டூரை ஜூன் 12-க்கே திறந்தாலும் எங்க வாய்க்காலுக்கு வந்து சேர நாளாகும், வந்த தண்ணியும் வயலுக்கு ஏறாது, எஞ்சின் வச்சு இறைச்சாதான் உண்டு. ஐப்பசி கார்த்திகையில பாத்தா அதே எஞ்சினை வச்சு வயல்ல நிக்குற தண்ணியை வெளியில தள்ளணும். டீசல் 90 ரூவாயத் தாண்டுனப்பதான் ரோட்டோரம் உதிர்ந்து கிடக்குற புங்கங்கொட்டை மேல கண்ணு போச்சு.

செய்முறை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 10 லிட்டர் எண்ணெய்க்கு 2 லிட்டர் மெத்தனால், அதுல கரைச்ச காஸ்டிக் சோடா, 60 டிகிரி சூட்டுல ஒரு மணி நேரம் கலக்கி ராத்திரி அப்படியே விட்டா காலையில கிளிசரின் கீழ தங்கிடும். மெத்தனால் 65 டிகிரியில கொதிச்சுரும், அதனால நேரா அடுப்புல வைக்கிற பேச்சே வேணாம், சுடுதண்ணிக்குள்ள பாத்திரத்தை வச்சுதான். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி சாவுக்கு அப்புறம் மெத்தனால்னு வாயைத் தொறந்தாலே ஒரு மாதிரி பாக்குறாங்க, பாக்கணும்தான். மச்சானோட யூனிட்டுக்கு மெத்தனால் வச்சுக்க லைசென்ஸ் இருக்கு, கேனைத் தூக்கிக்கிட்டு அங்கயே போய்ச் செஞ்சு எடுத்துட்டு வந்துருவேன்.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரே வேலை எண்ணெய் எவ்ளோ புளிச்சிருக்குன்னு பாக்குறது. ஒரு மில்லி எண்ணெயை ஆல்கஹால்ல கரைச்சு, ஒரு சிட்டிகை மஞ்சத்தூள் போட்டு, காஸ்டிக் தண்ணியை சிரிஞ்சுல சொட்டு சொட்டா விடணும், எத்தனை மில்லியில செவக்குதோ அதுதான் கணக்கு, அதைப் பொறுத்துதான் காஸ்டிக் எவ்ளோ கூடப் போடணும்ங்கறது. ஆலாத்தித் தட்டுல சுண்ணாம்பு போட்டா செவக்குதே, அதே சங்கதிதான். எங்கம்மா எட்டிப் பாத்துட்டு யாருக்குடா சுத்தப் போறன்னாங்க.

இப்ப எரிச்சலுக்கு வர்றேன். கழுவுறது. கிளிசரினை வடிச்சப்புறம் மேல நிக்குற டீசல்ல சோப்பும் மிச்ச காஸ்டிக்கும் இருக்கும், அது போகத் தண்ணி ஊத்தி அலசணும், மூணு தடவை. மொத தடவை தண்ணி பால் மாதிரி வரும், அது சரி. ஆனா கொட்டை மழையில நனைஞ்சதுன்னு வைங்க, எண்ணெய் புளிச்சிருக்கும், புளிச்சா சோப்பு ஜாஸ்தி, அப்ப ஒரு சுத்து வேகமா கலக்கிட்டீங்கன்னா தீர்ந்துச்சு, டிரம் பூராவும் தயிரு. தண்ணி எது டீசல் எதுன்னு தெரியாது, கல்லுப்பு போட்டு, சூடு காட்டி, ரெண்டு நாள் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அப்புறம் அந்த அழுக்குத் தண்ணியை வாய்க்கால்ல விடவும் மனசு வராது. சத்தியமா சொல்றேன், மூணு வருஷத்துல எண்ணெய் ஆட்டுனதை விட இந்தத் தயிரோட மல்லுக்கட்டுன நேரம்தான் அதிகம்.

நாசில் போனதும் இதனாலதான். ஆடியில நடவு அவசரம், மூணாவது கழுவலை விட்டுட்டு, சரியா காயவும் வைக்காம ஊத்திட்டேன். இந்த மாதிரி எண்ணெய் டீசலுக்குன்னு இருக்குற ஐஎஸ் 15607 தரப்படி கிலோவுக்கு 500 மில்லிகிராம் தண்ணிக்கு மேல இருக்கக்கூடாது, நம்ம சரக்குல எவ்ளோ இருந்துச்சோ. மெக்கானிக் நாசிலைக் கழட்டி உள்ளங்கையில வச்சுக் காட்டுனாரு, முனையில துரு, சுத்திக் கருப்பா பொறுக்கு. "எண்ணெய் மேல தப்பு இல்லீங்க"ன்னு மட்டும் சொன்னாரு. மீதியை நானே புரிஞ்சுக்கிட்டேன்.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். புகை. டீசல்ல ஓடுனப்ப காத்து இந்தப் பக்கம் திரும்புனா நடவு ஆளுங்க முந்தானையால மூக்கைப் பொத்திக்குவாங்க, இதுல கண்ணு எரியாது, கரும்புகை கம்மி. "என்னய்யா, கோயில்ல வெளக்கு அமத்துன வாசனை அடிக்குது"ன்னு ஒரு பெரியம்மா கேட்டாங்க. புங்கெண்ணெய் வெளக்குல எரிஞ்ச எண்ணெய்தானே. இதை நான் எதிர்பாக்கவே இல்ல. (இலுப்பெண்ணெயிலயும் முயற்சி பண்ணேன், மார்கழி விடியக்காலையில டின்னுக்குள்ள நெய்யா உறைஞ்சு நின்னுச்சு, அதோட சரி.)

காசுக் கணக்கு? கொட்டையை உடைச்சு எடுத்த பருப்பு 4 கிலோ ஆட்டுனா 1 லிட்டர் எண்ணெய். பொறுக்கிட்டு வர்றவங்களுக்குக் காசு, செக்குக் கூலி, மெத்தனால், எல்லாம் கூட்டுனா டீசல் வெலைய ஒட்டித்தான் நிக்குது. புண்ணாக்கு மாடு திங்காது, கசப்பு, ஆனா வயலுக்குப் போட்டா நல்ல உரம், அதையும் சேத்தா ஏதோ கொஞ்சம் மிச்சம். என் உழைப்பைக் கணக்குல சேக்கல, சேத்தா பொண்டாட்டி இதை எல்லாம் தூக்கி வீசிருவா. புதுசா ஆரம்பிக்கிறவங்க பழைய ரப்பர் டியூப்பை மாத்திருங்க, ஊறி இளகிடும், டேங்குல இருக்குற பழைய கசடெல்லாம் கரைஞ்சு வந்து மொத மாசம் ஃபில்டரை அடைக்கும்.

அதனால தம்பி, வேணாம்டா. உனக்குப் பொறுமையும் கிடையாது, டிரம் வைக்க எடமும் கிடையாது. ஆனா சித்திரையில இந்தப் பக்கம் வர்றப்ப உங்க ஊர் ரோட்டோரத்துக் கொட்டை ரெண்டு மூட்டை எடுத்துட்டு வா, மழை படாததா பாத்து. இங்க உதிர்றது எனக்குப் பத்த மாட்டேங்குது.